கேட்கப்படாத வயது

1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்ப நல ஆய்வு 13 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைச் சந்தித்தது. அவர்களிலும் திருமணமானவர்களை மட்டுமே சந்தித்தது. 1998-99இல் இரண்டாம் சுற்று நடந்தபோது கீழ்வயது 15 ஆக உயர்ந்தது. திருமணமாகியிருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. இந்த விதி ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த வீட்டு மருமகளுக்கு வயது 17. மகளுக்கு வயது 18, இன்னும் கல்யாணமாகவில்லை. ஆய்வாளர் மருமகளை உட்காரவைத்து எத்தனை பிரசவம், என்ன கருத்தடை, எங்கே மருத்துவம் என்று கேட்பார். மகள் வீட்டு உறுப்பினர் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் இருப்பாள். தன் உடலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், எது தெரியாது, எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளிடம் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் கிடையாது.

மருமகளையாவது கேட்டார்களே என்று ஆறுதல்பட முடியாது. 45 வயதுப் பெண்ணிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான் அவளிடமும் கேட்டார்கள். புது வீடு, தன்னைவிடப் பல வயது மூத்த கணவன், மனம்விட்டுப் பேச ஆளில்லாத நாட்கள், முதல் கர்ப்பம் என்று பதினேழு வயதுக்கே உரிய நிலைமை எதுவும் அதில் பதிவாகவில்லை. ஒருத்தி கல்யாணமாகாததால் கணக்கில் வரவில்லை. இன்னொருத்தி கல்யாணமானதாலேயே வளரிளம் பருவத்தவள் என்ற கணக்கிலிருந்து நீங்கிவிட்டாள். மூன்றாம் சுற்றில், அதாவது 2005-06இல்தான், திருமணமாகாத பெண்களும் தேசிய ஆய்வுக்குள் வந்தார்கள்.

இந்த இரண்டு பெண்களையும் ஒரே ஆய்வுச் சட்டகத்துக்குள் கொண்டுவந்த வேலையில் ஷிரீன் ஜெஜீபாயின் பெயர் முதன்மையானது. மக்கள்தொகையியலாளர். உலக சுகாதார நிறுவனத்தின் இனப்பெருக்க நல ஆய்வுத் துறையிலும், அதன்பின் புதுதில்லியில் பாப்புலேஷன் கவுன்சிலிலும் பணியாற்றியவர். பிற்காலத்தில் மும்பையில் சமத்துவத்துக்கும் நல்வாழ்வுக்குமான அக்ஷா மையத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் நீளும் அவருடைய பணியை வரிசையாக வாசிக்கும்போது எனக்குத் தெரிவது ஒன்று: இளைஞர் சமத்துவம் என்பதை அவர் முழக்கமாக எழுதியதைவிட ஆய்வு முறையாகக் கையாண்டதே அதிகம். யாரைக் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது, பதிலை யாருடைய கண்ணிலிருந்து மறைப்பது என்பவற்றில்தான் அவருடைய சமத்துவம் இருக்கிறது.

அந்தப் பணியின் தொடக்கத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 1970க்கும் 1980க்கும் இடையில் இங்கே பெண்களின் நிலைக்கும் குழந்தைப்பேற்றுக்கும் என்ன தொடர்பு இருந்தது என்பதை ஆராய்ந்து 1991இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1995இல் வந்த நூலில் கேள்வி இன்னும் விரிந்தது. பெண் படித்தால் குழந்தைகள் குறையும் என்பது அன்றைக்கு எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வாய்பாடு. படிப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டார். அறிவு, முடிவெடுத்தல், வெளியே நடமாடுதல், கணவனோடும் பிள்ளைகளோடும் உள்ள மன நெருக்கம், பொருளாதாரத் தற்சார்பு என்று பெண்ணின் தன்னுரிமையை ஐந்தாகப் பிரித்துப் பார்த்தார். ஆணாதிக்கம் இறுகிய சமூகங்களில் நாலைந்து வருடத் தொடக்கக் கல்வி இவற்றில் பெரிய மாற்றத்தைத் தருவதில்லை, உயர்நிலைப் பள்ளியைத் தொட்டால்தான் அசைவு தெரிகிறது என்பது அந்த நூலின் முக்கியமான முடிவு. சிறுமிகளை எட்டாம் வகுப்புக்கு மேலும் பள்ளியில் வைத்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான அடிப்படை அன்று குறைவு.

1993-94இல் உத்தரப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் கிராமப்புறப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாகிஸ்தான் பஞ்சாபில் ஜெபா சத்தார் செய்த ஆய்வோடு அதைச் சேர்த்து 2001இல் ஜெஜீபாயும் அவரும் எழுதிய கட்டுரை தெற்காசிய ஆய்வுலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. பெண்ணின் தன்னுரிமையைத் தீர்மானிப்பதில் மதத்தைவிட வட்டாரமே வலுவானது என்று அது காட்டியது. தமிழ்நாட்டு இந்துப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு, தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் உத்தரப் பிரதேசப் பெண்ணுக்கும் இடையே இருந்ததைவிடச் சிறியது.

இதைப் படித்து நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன்னால் அதே தரவிலிருந்து 1998இல் எழுதப்பட்ட இன்னொரு கட்டுரையையும் படிக்க வேண்டும். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்த அது மனைவியை அடிப்பது பற்றியது. இரண்டு மாநிலங்களிலும் கணிசமான பெண்கள் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டிலும் பெரும்பாலான பெண்கள், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது சரிதான் என்றார்கள். அந்தக் கல்யாணத்தை விட்டு வெளியேறுவோம் என்றவர்கள் சொற்பம். நடமாட்டத்திலும் கையில் புழங்கும் பணத்திலும் தமிழ்நாட்டுப் பெண் முன்னே இருந்தாள். அடி என்று வந்தபோது அந்த முன்னிலை அவளுக்குக் கொஞ்சம்தான் உதவியது. அடிப்பதை நியாயம் என்று நினைக்க ஒரு பெண் எந்த வயதில் கற்றுக்கொள்கிறாள் என்ற கேள்வி இயல்பாகவே இங்கிருந்து எழுகிறது. ஜெஜீபாயின் கவனம் வளரிளம் பருவத்தை நோக்கி நகர்ந்ததை இந்தக் கட்டுரையோடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

உலக அளவிலும் அது திருப்பத்தின் காலம். 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு, பிறப்பு விகிதத்தைக் குறைப்பதிலிருந்து தனிமனிதரின் இனப்பெருக்க நலத்துக்கும் உரிமைக்கும் கவனத்தைத் திருப்பியது. வளரிளம் பருவத்தினரைத் தனிப் பிரிவாகப் பேசியது. இந்தியாவில் இந்த வயதினரைப் பற்றி உண்மையில் என்ன தெரியும்? 1998இல் ஜெஜீபாய் கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டி ஒரு மதிப்பாய்வு எழுதினார். சிறிய மாதிரிகள், நகரக் கல்லூரி மாணவர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று சிதறிக் கிடந்தன அந்தச் சான்றுகள். கிராமத்துப் பெண்ணைப் பற்றியும், பள்ளியை விட்டு வேலைக்குப் போன பையனைப் பற்றியும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

மேலைநாட்டு ஆய்வுகளை அப்படியே எடுத்துப் பொருத்தவும் முடியவில்லை. அங்கே இந்தத் துறை வளர்ந்ததே திருமணத்துக்கு முந்தைய உறவு, பள்ளிப் பருவக் கர்ப்பம் ஆகியவை பற்றிய கவலையிலிருந்து. இந்தியாவில் 2005-06 ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குள் இருந்த பெண்களில் 47 சதவீதத்தினருக்கு 18 நிறைவதற்கு முன்பே திருமணமாகியிருந்தது. இங்கே சிறுமிகளில் மிகப் பலருடைய பாலியல் வாழ்க்கை தாலியோடுதான் தொடங்கியது. ஊர் கூடி வாழ்த்தி அனுப்பிவைத்த உறவில் ஆபத்து இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? சட்டமும் நினைக்கவில்லை. மனைவிக்கு 15 வயது ஆகியிருந்தால் கணவனுடைய கட்டாயம் வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நீண்டகாலம் இருந்தது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ‘இண்டிபெண்டண்ட் தாட்’ வழக்கில் தீர்ப்பளித்த பிறகுதான் அந்த வயது 18 என்று ஆனது. அதற்கு மேற்பட்ட மனைவியருக்கு விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது.

நீதிமன்றம் அந்த இடத்துக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வு வந்துவிட்டது. இக்பால் ஷா, ஷியாம் தாபா ஆகியோருடன் ஜெஜீபாய் தொகுத்த, வளரும் நாடுகளின் இளைஞர்களிடையே ஒப்புதலற்ற உறவு பற்றிய நூல் 2005இல் வெளியானது. கட்டாயம் என்றவுடன் தெருவோரத்து அந்நியனை நினைக்கும் பழக்கத்தை அது உடைத்தது. கணவன், காதலன், உறவினர், தெரிந்தவர் என்று பழகிய முகங்களே அதில் திரும்பத் திரும்ப வந்தன. பையன்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னது.

2007இல் கே.ஜி. சந்தியாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. குஜராத்திலும் மேற்கு வங்கத்திலும் இளம் மனைவியர் 1,664 பேரிடம், விருப்பமில்லாத உறவு பற்றி நேரடியாகக் கேட்டார்கள். 12 சதவீதத்தினர் அது அடிக்கடி நேர்கிறது என்றார்கள். 32 சதவீதத்தினர் எப்போதாவது நேர்கிறது என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பே கணவனை ஓரளவு அறிந்திருந்தவர்களுக்கும், மாமியார் வீட்டில் சண்டை வரும்போது தன் பக்கம் பேசும் கணவன் வாய்த்தவர்களுக்கும் இந்த ஆபத்து குறைவாக இருந்தது. பெண் பார்த்த அன்று ஒரு பத்து நிமிடம் பேசவிட்டால் போதும் என்று நினைக்கும் குடும்பங்கள் வாசிக்க வேண்டிய முடிவு இது. அறிமுகம் என்பது ஒரு பெண்ணின் உடல் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று இங்கே எண்ணிக்கையே பேசுகிறது.

இதே காலத்தில் வங்கத்தின் டயமண்ட் ஹார்பரிலும் குஜராத்தின் வதோதராவிலும் ‘முதல் பெற்றோர்’ என்ற திட்டத்தை பாப்புலேஷன் கவுன்சில் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து நடத்தியது. புதிதாகத் திருமணமான பெண்களை வீட்டுக்கே போய்ச் சந்திப்பது, கணவன்மாரிடம் ஆண் பணியாளர்கள் தனியே பேசுவது, இளம் மனைவியருக்கென்று குழுக்கள் அமைப்பது என்று அது வேலை செய்தது. புது மருமகளுக்குத் தன் வயதுத் தோழிகளோடு உட்காரும் ஓர் இடம் வேண்டும் என்பதை ஒரு சுகாதாரத் திட்டமாக யோசித்ததே எனக்கு அதில் பிடித்தது.

பிறகு வந்தது பெரிய ஆய்வு. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் இணைந்து 2006 முதல் 2008 வரை நடத்திய ‘இந்திய இளைஞர்: நிலையும் தேவைகளும்’. பீகார், ஜார்க்கண்ட், ராஜஸ்தான், மகாராஷ்டிரா, ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு என்று ஆறு மாநிலங்கள். அன்றைய இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ 39 சதவீதம் அவற்றில் அடங்கும். 50,848 பேரை நேர்காணல் செய்தார்கள். 15 முதல் 24 வயது வரை திருமணமான பெண்கள், திருமணமாகாத பெண்கள், திருமணமாகாத ஆண்கள். ஆண்களுக்குக் கல்யாணம் தாமதமாக ஆவதால் மணமான ஆண்களுக்கு மட்டும் 29 வயது வரை. குடும்ப நல ஆய்வு பிரித்துவைத்திருந்த மருமகளும் மகளும் இந்தப் பட்டியலில்தான் ஒருவருக்கொருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த ஆய்வின் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அறம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஆண்களைக் கேட்ட பகுதியில் பெண்களைக் கேட்கவில்லை. பெண்களைக் கேட்ட பகுதியில் ஆண்களைக் கேட்கவில்லை. ஒரே தெருவில் இரு தரப்பையும் கேட்டால் என்ன நடக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனிடம் காலையில் கேட்ட கேள்வி மாலையில் தங்கையின் மீது சந்தேகமாக விழும். அவளிடம் இதையெல்லாம் கேட்டார்களா, அவள் என்ன சொன்னாள் என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். கூடுதல் செலவும் கூடுதல் நாட்களும் பிடிக்கும் இந்தப் பிரிப்பை ஆய்வின் தொடக்கத்திலேயே திட்டமிட்டார்கள். பெண்களைப் பெண்களும் ஆண்களை ஆண்களும்தான் நேர்காணல் செய்தார்கள்.

அடுத்தது உறை. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய கேள்விகளை நேர்காணலில் நேரடியாகக் கேட்டார்கள். நண்பர்களைப் பற்றிக் கேட்பதுபோலவும் கேட்டார்கள். கடைசியில் ஒரு சிறு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். உறவு உண்டா இல்லையா என்று அதில் குறித்து, எதிரே இருப்பவருக்குக் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாம். கேள்வி கேட்டவருக்குப் பதில் தெரியாது. வாயால் இல்லை என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினர் அட்டையில் ஆம் என்று குறித்திருந்தார்கள். அவர்களை நான் பொய் சொன்னவர்களாகப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. வெட்கத்தையும் பயத்தையும் ஒதுக்கித் தள்ளாமல், அவை இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு அவற்றுக்கு ஓர் உறை செய்து கொடுத்த ஆய்வு இது.

கிடைத்த முடிவுகளில் சில இன்றும் உறுத்துபவை. திருமணத்துக்கு முன் உறவு இருந்ததாகச் சொன்னவர்கள் ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம். குடும்ப வாழ்க்கைக் கல்வியோ பாலியல் கல்வியோ ஏதாவது ஒரு வடிவில் பெற்றிருந்தவர்கள் மொத்தத்தில் 15 சதவீதம்தான். முதல் உறவிலேயே கருத்தரிக்கலாம் என்பது பாதிக்கும் குறைவானவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கல்வி எங்களுக்கு வேண்டும் என்று சொன்னவர்கள் ஆணிலும் பெண்ணிலும் மிகப் பெரும்பான்மை.

இந்த இளைஞர்கள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில் மாநில அரசுகள் வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தன. மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், கர்நாடகா, குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தின. நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பதே காரணம். 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றது. இந்த விவாதத்தில் பெற்றோர், ஆசிரியர், சமயத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் என்று எல்லோருடைய குரலும் கேட்டது. 50,848 பேர் சொன்னது மேசையில் இருந்தது. அதை யாரும் எடுத்து வாசித்ததாகத் தெரியவில்லை.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் செய்த ஆய்வு விடை சொல்கிறது. 2007-08இல் அங்கே கருக்கலைப்புக்காக மருத்துவ மையங்களுக்கு வந்த, திருமணமாகாத 15-24 வயதுப் பெண்கள் 549 பேரை ஜெஜீபாயின் குழு சந்தித்தது. நான்கில் ஒருவர் கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்தில்தான் வந்திருந்தார். அதே மையங்களுக்கு வந்த மணமான பெண்களிடம் அந்தத் தாமதம் அவ்வளவு இல்லை. கர்ப்பம் என்று கண்டுபிடிக்கவே சிலருக்குத் தாமதமானது. வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் சிலர் நாட்களைத் தள்ளினார்கள். உடனிருக்க வேண்டிய ஆண் சிலரை விட்டுப் போயிருந்தான். வன்முறையால் கருவுற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை தவறிப்போனதைக் காரணமாக ஏற்கும் பிரிவு மணமான பெண்ணையும் அவள் கணவனையும் பற்றித்தான் பேசியது. 2021 திருத்தம்தான் கணவன் என்ற இடத்தில் இணையர் என்று வைத்தது. ஒரு வாரத் தாமதம்கூட உயிரோடு விளையாடும் விஷயம் என்று அறிந்தவர்களுக்கு அந்த நான்கில் ஒருவர் என்ற கணக்கு வெறும் விகிதமாகத் தெரியாது.

கொள்கை மெதுவாகத்தான் அசைந்தது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ சுகாதாரத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ள எல்லோரையும் கணக்கில் எடுத்தது: ஆணும் பெண்ணும், பள்ளியில் இருப்பவரும் இல்லாதவரும், மணமானவரும் ஆகாதவரும். அந்தப் பட்டியல் வாசகத்துக்குப் பின்னால் இருபதாண்டு ஆய்வு இருக்கிறது. நடைமுறை வேறு கதை. வளரிளம் பருவத்தினருக்கான சிறப்பு மருத்துவ மையங்கள் பற்றி சந்தியாவும் ஜெஜீபாயும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி ஒரு மையம் இருப்பதே அந்த வயதினரில் மிகச் சிலருக்குத்தான் தெரிந்திருந்தது என்று காட்டியது.

ஆண்பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெண்ணைக் காப்பாற்றுவது பற்றியே பேசிப் பையனை மறந்துவிடும் பழக்கம் உண்டு. பீகாரில் ‘சமத்துவத்தை நோக்கி இரண்டு அடி’ என்ற பொருள்படும் பெயரில் நடந்த திட்டத்தில், கிராம இளைஞர் மன்றங்கள் வழியாக 13 முதல் 21 வயதுப் பையன்களோடு வேலை செய்தார்கள். ஆண்மை, வன்முறை, பெண் பற்றிய பேச்சுக்களோடு கிரிக்கெட்டும் இருந்தது. தொடர்ந்து வந்தவர்களிடம் எண்ணம் மாறியது. வயது குறைந்தவர்களிடம் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. மீசை அரும்பும் முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று. பாப்புலேஷன் கவுன்சில் 2015-16இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் தொடங்கிய ‘உதயா’ ஆய்வு பத்து வயதிலிருந்தே தொடங்கியது. 20,000க்கும் மேற்பட்டவர்களை முதலில் சந்தித்து, 2018-19இல் அவர்களையே திரும்பத் தேடிப்போனது.

இத்தனை ஆண்டுகளில் நிலைமை மாறவில்லை என்று சொல்ல முடியாது. 18 வயதுக்கு முன் மணமானவர்கள் 47 சதவீதமாக இருந்தது 2019-21இல் 23 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது 13 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் இன்னும் 40 சதவீதத்துக்கு மேல். சிறுவயதுத் திருமணம் குறையக் குறைய, திருமணத்துக்கு முன்னால் கழியும் இளமை நீள்கிறது. 17 வயதில் தாலி ஏறாத பெண் 17 வயதில் காதலிக்கலாம். சமூகம் இதற்கு ஆயத்தமாகவில்லை. சட்டம் அதைவிடவும் ஆயத்தமாகவில்லை.

2012இல் வந்த போக்சோ சட்டம் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிராக நமக்குக் கிடைத்த வலுவான கருவி. அது வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே சட்டம் ஒப்புதல் வயதை 16இலிருந்து 18க்கு உயர்த்தியபோது, பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிப் பழகுவதும் கடும் குற்றத்தின் வரையறைக்குள் விழுந்துவிட்டது. ஓடிப்போன பெண்ணின் பெற்றோர் கொடுக்கும் புகாரில், சாதி வேறாக இருந்தால் கூடுதல் கோபத்தோடு கொடுக்கும் புகாரில், அந்தப் பையன் சிறைக்குப் போகிறான். சென்னை உயர் நீதிமன்றம் இதை நேராகப் பார்த்த நீதிமன்றங்களில் ஒன்று. 2019இல் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைத் தனியாகப் பார்க்கச் சட்டத் திருத்தம் தேவை என்று யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2023இல் சட்ட ஆணையம் ஒப்புதல் வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. 16-18 வயதினரின் இத்தகைய வழக்குகளில் தண்டனையை முடிவுசெய்ய நீதிபதிக்கு வழிவிடலாம் என்று பரிந்துரைத்தது.

நலவாழ்வைப் பொறுத்தவரை போக்சோவின் இன்னொரு பிரிவு அதிகம் கனக்கிறது. குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. ‘எவரும்’ என்பதில் மகப்பேறு மருத்துவர் அடங்குவார். கிராம சுகாதார செவிலியர் அடங்குவார். கருவுற்ற 17 வயதுப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறினால், அடுத்து காவல் நிலையம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வேறு வழி தேடுவாள். மருந்துக் கடையில் விசாரிப்பாள், தாமதிப்பாள். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் 549 பேரிடம் கண்ட தாமதம் இப்போது சட்டத்தின் பெயரிலேயே உருவாகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஓரளவு வழி செய்தது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பு உரிமை மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்ற அதே தீர்ப்பில், விரும்பிய உறவால் கருவுற்ற சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. எத்தனை மருத்துவமனை வாசல்களில் இது தெரிந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி.

அந்த ‘எவரும்’ என்ற வார்த்தைக்குள் ஆய்வாளரும் அடங்குவார். 2006இல் உறையோடு ஒரு வீட்டுக்குப் போனவர் இன்று போனால், 16 வயதுப் பிள்ளை ஒட்டித் தரும் அட்டை சட்டப்படி ஒரு குற்றத்தின் தகவல். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காவல் துறையிடம் ஒப்படைக்கும் ஆய்வை எந்த மனசாட்சியுள்ளவரும் செய்ய மாட்டார். எனவே 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான படிவத்திலிருந்து அந்தக் கேள்விகளை எடுத்துவிடுவதுதான் எளிய வழியாகத் தோன்றும். அப்படி எடுத்துவிட்டால், கட்டாயப்படுத்தப்பட்ட சிறுமி எத்தனை பேர், விரும்பிப் பழகியவர்கள் எத்தனை பேர், யாருக்கு மருத்துவம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற எதுவும் நமக்குத் தெரியாது. குற்றத்தைத் தடுக்க வந்த சட்டம் குற்றத்தின் அளவை அறியும் வழியை மூடிவிடும்.

இதற்குச் சட்டத்தில் திருத்தம் வேண்டும். ஒரு சுற்றறிக்கை போதாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வுகளுக்கும், சிகிச்சைக்காக வரும் 16-18 வயதினரைப் பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் 19ஆவது பிரிவிலிருந்து வரையறுத்த விலக்கு தர வேண்டும். வன்முறை, மிரட்டல், பெரியவரின் அதிகாரம், பெரும் வயது வித்தியாசம் ஆகியவை தெரிந்தால் அந்த விலக்கு பொருந்தக் கூடாது. அப்போதும் முதலில் அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ விளக்கிச் சொல்லி, ஆற்றுப்படுத்துநரையும் மருத்துவத்தையும் கையோடு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் காவல் துறைக்குப் போக வேண்டும். களத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவிடமும் அந்த வட்டாரத்தில் இரவிலும் அழைக்கக்கூடிய ஓர் ஆளின் எண் இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கான செலவு ஆய்வின் நிதிநிலையிலேயே தனி வரியாக இடம்பெற வேண்டும்.